கீழே இருந்த எண்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமை அதைவிடச் சீக்கிரம் வரும். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்த இரண்டுக்கும் தீனி போட அங்கே ஒரு காரணம் கிடைத்தது. நூறு பேர் வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அந்தக் கம்பெனியில் ஏசி இருந்த அறைகள் இரண்டு. ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று கம்ப்யூட்டருடையது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று அதை விற்றவர் சொல்லிவிட்டுப் போயிருந்ததால், முதலாளி உட்பட எல்லோரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்த மரியாதையில் பாதியை எனக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

என் வேலை இதுதான். ஒவ்வொரு மாடல் மோட்டாருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் இருக்கும். அதில் அந்த மோட்டாரைப் பற்றிய விவரங்களை எழுத்தில் அடித்து வைத்திருப்பேன். நடுநடுவே சின்னச் சின்ன புரோகிராம்கள் வரும். கம்பி எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும், எந்தப் பருமன் கம்பி வேண்டும் என்பதையெல்லாம் அவை கணக்குப் போட்டுச் சொல்லும். கணக்குக்கான சூத்திரங்களைக் கொடுத்தவர் முதலாளி. அவர் பொறியியல் படித்தவர். தோட்டங்காடு உள்ள குடும்பத்திலிருந்து வந்து பம்பு செய்யத் தொடங்கியவர் என்பதால், கிணறும் தெரியும் மோட்டாரும் தெரியும்.

கல்லூரித் தோழி ஒருத்தி ஃபிளாப்பிகளில் நகலெடுத்துக் கொடுத்த ஒரு எடிட்டரில்தான் நான் இந்த ஃபைல்களை அடித்தேன். அடிக்க, திருத்த, சேமிக்க என்று மற்ற எடிட்டர்கள் செய்வதை இதுவும் செய்யும். ஆனால் இதற்கு நாமே புதிதாகக் கட்டளைகள் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் அதையும் செய்யும். நான் அதற்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தேன். புரோகிராமின் மேல் போய் நின்று எஃப் ஒன்பது விசையை அமுக்கினால், எடிட்டர் அந்தப் புரோகிராமை ஓட்டி, வந்த விடையைக் கொண்டுவந்து புரோகிராமுக்கு நேர் கீழே ஒட்டிவிடும். விடைக்கு மேலும் கீழும் சின்னக் கோடு போட்டுக் கட்டம்போல் ஆக்கிக் கொடுக்கும். இதை முதலாளியிடம் காட்டிய அன்று அவர் மூன்று முறை அமுக்கச் சொல்லிப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் மூன்று முறை அமுக்கச் சொன்னதால் மூன்று விடைகள் வந்து நின்றன. அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. புதிய விடை புரோகிராமை ஒட்டி மேலே வரும், பழையவை கீழே தள்ளப்படும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வசதியாக இருந்தது. தேதிகூடப் போடவில்லை. எது புதிது என்று எனக்குத் தெரியாதா என்ன?

அந்தக் காகிதங்கள் போய்ச் சேரும் இடம் வைண்டிங் செக்‌ஷன். அங்கே பதினான்கு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மோட்டாரின் உள்கூட்டில் இருக்கும் காடிகள் என்ற பள்ளங்களுக்குள் செப்புக் கம்பியைச் சுற்றி இறக்குவார்கள். அவர்களுக்கு இன்சார்ஜ் ஒரு அக்கா. உக்கடத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். அவருடைய கணவருக்கு அங்கே பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் கடை இருந்தது. ஒன்பது வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கம்பி சுற்றியவரை எட்டு மாதம் முன்புதான் இன்சார்ஜ் ஆக்கியிருந்தார்கள். அதற்கு முன்பு அந்த இடத்தில் ஆண்கள்தான் இருந்திருக்கிறார்கள். அக்கா வந்த பிறகு அங்கே சத்தம் குறைந்தது, சுற்றுவதும் கூடியது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அச்சடித்துக் கொடுக்கும் காகிதத்தை அவர் பெஞ்சுக்கு மேலே ஓர் ஆணியில் குத்தி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பெண்களுக்கு எண்ணிக்கை சொல்வார்.

அந்த வருடம் கோடைக்கு முன்பாகப் பொள்ளாச்சி டீலர் ஒருவர் பதினெட்டு மோட்டார்கள் கேட்டிருந்தார். தென்னந்தோப்புகளுக்கு. அந்தப் பக்கம் சாயங்காலமானால் கரண்டின் அழுத்தம் இறங்கிப்போகும். குறைந்த அழுத்தத்திலும் மோட்டார் எடுத்து ஓட வேண்டும் என்றால் சுற்றைக் குறைக்க வேண்டும். முதலாளி சூத்திரத்தில் ஒரு மாற்றம் சொன்னார். நான் மாற்றினேன், எஃப் ஒன்பதை அமுக்கினேன். ஐம்பத்திரண்டு சுற்றாக இருந்தது நாற்பத்தாறு ஆனது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு மாடலில் சுற்று மாறியது அதுதான் முதல் தடவை. காகிதத்தை அச்சடித்து வைண்டிங்குக்கு அனுப்பிவிட்டு அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரத்தில் பதினெட்டு மோட்டார்களும் ஒரு டெம்போவில் திரும்பி வந்தன.

எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தால் அவர் பேச்சில் மரியாதை கூடும். நல்ல நாளில் எங்களை ‘அம்மணி, இங்க வா’ என்று கூப்பிடுபவர், கோபமான நாளில் வாங்க போங்க என்பார். அன்று அக்காவையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டு, “உக்காருங்க” என்றார்.

“டீலர் போன் பண்ணுனாருங்க. மோட்டாரு உம்முனு சத்தம் போட்டுட்டு நிக்குதாமா. சுத்த மாட்டேங்குதாமா. இங்க டெஸ்ட் பண்றப்ப நல்லா ஓடுச்சு, ஏன்னா இங்க நல்ல கரண்டு. ஒண்ணைப் பிரிச்சு எண்ணிப் பாத்தேனுங்க. அம்பத்திரண்டு சுத்து இருக்குது. நான் போடச் சொன்னது நாப்பத்தாறுங்க.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு, “பேப்பர்ல அம்பத்திரண்டுன்னு தானுங்க இருந்துச்சு” என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இல்லீங்க சார். நான் நாப்பத்தாறு தானுங்க குடுத்தேன்” என்றேன். எனக்கு அதில் துளியும் சந்தேகமில்லை. அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

“சரிங்க” என்றார் முதலாளி, அக்காவிடம். “பதினெட்டையும் பிரிச்சு மறுபடி சுத்துங்க. அதுக்குள்ள நான் வேற ஒருத்தரை வரச் சொல்றேனுங்க. பெரிய மில்லுல இருந்தவரு. அடுத்த திங்கக்கெழம விட்டு அதுக்கடுத்த திங்கக்கெழம வருவாரு. அவரு வந்ததும் நீங்க பழையபடி பெஞ்சுல உக்காந்துக்குங்க.”

வெளியே வந்ததும் நான் நேராக வைண்டிங் செக்‌ஷனுக்குப் போனேன். அக்கா பொய் சொல்கிறார் என்று நிரூபிக்கத்தான் போனேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆணியிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். புரோகிராமுக்கு நேர் கீழே ஒரு கட்டத்தில் நாற்பத்தாறு. அதற்குக் கீழே இன்னொரு கட்டத்தில் ஐம்பத்திரண்டு. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சரியான எண் மேலேயே இருக்கிறதே, நான் சொன்னது சரிதானே என்று மனசு துள்ளியது. பிறகுதான் இரண்டாவது எண்ணின் மேல் கண் நின்றது. அக்கா சொன்னதும் சரிதான். காகிதத்தில் ஐம்பத்திரண்டும் இருந்தது. அதை அங்கே இருக்கவிட்டது நான்.

அன்று முழுவதும் அதை யாரிடமும் சொல்லவில்லை. காந்திபுரத்தில் பஸ் மாறி வீட்டுக்குப் போகும் வரை, அக்கா கொஞ்சம் கவனித்துப் படித்திருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு போனேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. சோறுதான் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவிடம் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு நம்பர் இருக்கறது எனக்குத் தெரியுமே கண்ணு. கீழ இருக்கறதைத்தானே எடுத்தேன்.”

“மேல இருக்கறது தானுங்க்கா புதுசு.”

“அதெப்படி?” என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கம்பி ரெஜிஸ்டரை எடுத்துவந்து என் முன்னால் பிரித்து வைத்தார். நேற்று வாங்கிய கம்பி மேலே, இன்று வாங்கியது அதற்குக் கீழே. வருகைப் பதிவேடும் அப்படித்தான். சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில், எந்தப் பெண் எத்தனை மோட்டார் முடித்தாள் என்று எழுதியிருந்ததும் அப்படித்தான். மேலே இருப்பது பழையது, அடியில் இருப்பது இன்றைக்கு. இந்தக் கம்பெனியில் பேனா பிடித்த எந்தக் கையும் புதிதை மேலே எழுதியதில்லை. எல்லோருக்கும் தலைகீழாக ஒன்றைச் செய்துவிட்டு அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

“பெஞ்சுல உக்கார்றது எனக்கொண்ணும் கஷ்டமில்ல கண்ணு” என்றார் அக்கா, ரெஜிஸ்டரை மூடிக்கொண்டே. “ஒம்பது வருசம் உக்காந்தவதான். ஆனா பொம்பளைக்கு நம்பர் பாத்து வேலை வாங்கத் தெரியலைன்னு சொல்லிப்போடுவாங்க. அதுக்கப்பறம் இந்த எடத்துல எந்தப் பொண்ணையும் வெக்க மாட்டாங்க. அதுதான் எனக்கு நெம்ப வருத்தம்.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவர், “போச்சாது, அழாத. மொதலாளிகிட்ட சொல்லு” என்றார்.

அதே காகிதத்தை இன்னொரு பிரதி அச்சடித்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொல்வதற்கு வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. காகிதத்தை மேசையில் வைத்து, “சார், இதுல எத்தனை சுத்துன்னு இருக்குதுங்க?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலைக் காகிதத்தின் மேலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறைத் தாண்டி வந்தது விரல். அடியில் போய் நின்றது. “அம்பத்திரண்டு” என்றார். சொன்ன பிறகு முகம் மாறியது. விரலை மறுபடி மேலே கொண்டுபோனார்.

“மேல நாப்பத்தாறு இருக்குது.”

“அதுதானுங்க சார் புதுசு.”

“புதுசு எப்படி அம்மணி மேல வரும்?”

“நான் அப்படிப் பண்ணி வெச்சுட்டேனுங்க சார். பழசை எடுக்காம உட்டதும் நான்தானுங்க.”

அவர் ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டு அதே காகிதத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். அவரும் யோசிக்காமல் ஐம்பத்திரண்டு என்றார். முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். நாற்பத்தாறு என்று கணக்குப் போட்டவரே அவர்தான்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. “தப்பு பேப்பர்ல இருக்குது, அது சரி” என்றார். “ஆனா அந்த ஆளுக்கு நான் வரச் சொல்லி வாக்குக் குடுத்துப்போட்டேன். நல்ல ஆளு. இந்தப் பேப்பர் இல்லைன்னாலும் அங்க அனுபவப்பட்ட ஒருத்தரு இருக்கறது நல்லதுதான். அக்கா எண்ணிக்கை சொல்லிச் சுத்த வெக்கறாங்க, சரி. அதுக்கு மேல அவங்க என்ன பண்றாங்கன்னு எனக்குத் தெரியல. நீ போயி மொதல்ல இந்தப் பேப்பரைச் சரி பண்ணு.”

அக்காவுக்கு மிச்சம் இருந்தது பதினொரு நாள்.

நான் முதலில் யோசித்தது, புதிய விடை கீழே வரும்படி கட்டளையை மாற்றிவிடலாம் என்றுதான். அதை அக்காவிடம் சொன்னேன். அவர் பிரித்த மோட்டாரிலிருந்து கம்பியை உருவிக்கொண்டே, “பழசு எதுக்கு கண்ணு அங்க இருக்கோணும்?” என்றார்.

“ஒப்பிட்டுப் பாக்கறதுக்குங்க்கா.”

“நீ பாக்கோணும்னா உன்ற ரூம்ல பாரு. எங்களுக்கு எதுக்கு?”

புரோகிராம் கைவசம் இருக்கும்போது விடை எங்கே போய்விடப் போகிறது? வேண்டும் என்றால் அமுக்கினால் மறுபடி வரப்போகிறது. ஒரு மோட்டார் ஃபைலில் அப்படிப்பட்ட பழைய விடைகள் பக்கம் பக்கமாக நின்றுகொண்டிருந்தன. அத்தனையையும் ஒரே அமுக்கில் துடைத்துவிடும் ஒரு கட்டளை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்குத் ‘துடை’ என்றே பெயர் வைத்தேன்.

எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். விடைக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. இந்தக் கோட்டில் ஆரம்பித்து அந்தக் கோடு வரை அழி என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னேன். பதினொரு பக்க ஃபைல் ஒன்றைத் திறந்து அமுக்கினேன். திரையில் அரைப் பக்கம் மிஞ்சியது. முதல் கட்டத்தின் மேல்கோட்டிலிருந்து கடைசிக் கட்டத்தின் கீழ்க்கோடு வரை, நடுவில் இருந்த புரோகிராம், விளக்கம், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுக்கா விழுங்கியிருந்தது. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. அதைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. நல்லவேளையாக அந்த எடிட்டர் நாம் கேட்காமலே பழைய பிரதி ஒன்றை ஒதுக்கி வைக்கும். அதை எடுத்து மீட்டேன். மிக அருகிலுள்ள கீழ்க்கோட்டிலேயே நின்றுவிடு என்று கட்டளையைத் திருத்த எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

இந்தத் தடவை அழகாகத் துடைத்தது. புரோகிராம்கள் இருந்தன, விளக்கம் இருந்தது, பழைய விடை ஒன்றுகூட இல்லை. பொள்ளாச்சி மோட்டாரின் ஃபைலில் எஃப் ஒன்பதை ஒரே முறை அமுக்கினேன். நாற்பத்தாறு மட்டும் வந்து நின்றது. அச்சடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன்.

அக்கா முழுவதையும் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“நம்பர் சரி. நான் சொன்னது எங்க கண்ணு?”

“நீங்க என்னங்க்கா சொன்னீங்க?”

“மூணாவது காடியில எறங்கையில கம்பியோட மேல்தோல் உரசுதுன்னு சொன்னனே. காடிக்குள்ள வெக்கற காகிதத்தை ஒரு மடிப்பு எச்சா வெக்கோணும்னு. நீகூட டைப் அடிச்சியே.”

அடித்தேன்தான். அக்கா அவ்வப்போது கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று இப்படி ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். நானும் சம்பந்தப்பட்ட ஃபைலைத் திறந்து அடித்து வைப்பேன். எங்கே அடித்தேன்? விடைக் கட்டத்துக்குள், எண்களுக்கு அடியில் கொஞ்சம் இடம் இருக்கும். கட்டத்துக்குள் இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று அங்கேயே அடித்திருந்தேன். நான் துடைத்த கட்டங்களோடு அக்காவின் எட்டு மாதப் பேச்சும் போய்விட்டது.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பழைய பிரதியிலிருந்து மீட்டுவிடலாம், அது பிரச்சினையில்லை. ஆனால் கட்டத்துக்குள் எது மெஷின் எழுதியது, எது அக்கா சொன்னது என்று எடிட்டருக்கு எப்படித் தெரியும்? இனிமேல் மெஷின் எழுதும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு குறி போடும்படியும், குறி உள்ள வரியை மட்டும் துடைக்கும்படியும் மாற்றிவிடலாம். ஏற்கெனவே இருக்கும் வரிகளை மனிதர்தான் பார்த்துப் பிரிக்க வேண்டும். எண் மட்டும் உள்ள வரி மெஷினுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் அக்காவும் நிறைய எண்களாகவே சொல்லியிருந்தார்.

அது ரமலான் மாதம், அக்கா நோன்பு பிடித்திருந்தார். காலையிலும் மத்தியானமும் டீ இடைவேளையில் அக்காவுக்கு வேலை இல்லை, சாப்பாட்டு நேரமும் மிச்சம். அவர் அந்த நேரங்களில் என் அறைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். நான் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து வரி வரியாகப் படிப்பேன்.

“இது மெஷின் சொன்னது” என்பார். நான் குறி போடுவேன். “இது நான் சொன்னது.” அதைக் கட்டத்துக்கு வெளியே கொண்டுவந்து வைப்பேன். ஓரிடத்தில் ‘நாற்பத்தெட்டுக்கு மேல் போனால் இறுக்கம்’ என்று இருந்தது. அது யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையை விரித்து, கம்பியைக் காடிக்குள் அழுத்துவதுபோல் காற்றில் அழுத்திப் பார்த்தார். “நான்தான்” என்றார். இன்னோரிடத்தில் ‘பெண்கள் விரல் எரிகிறது என்கிறார்கள், வார்னிஷ் போட்ட அன்று’ என்று நான் அடித்து வைத்திருந்தேன். மோட்டார் விவரத்தில் இது எதற்கு என்று எடுக்கப் போனேன்.

“எடுக்காத கண்ணு. எரியறது நெசந்தானே” என்றார்.

அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு அந்த மோட்டார் என்னவென்று தெரிந்தது என்று சொன்னால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். அதுவரை என் ஃபைல்களில் நான் பார்த்தது என் புரோகிராமையும் அதன் விடையையும் மட்டும்தான். இடையிடையே அடித்து வைத்த வரிகளை ஒருநாளும் படித்ததில்லை. வேகமாக அடிப்பதில் எனக்கு இருந்த பெருமை, என்ன அடிக்கிறோம் என்று பார்க்க விடவில்லை.

பதினெட்டு மோட்டார்களும் நாற்பத்தாறு சுற்றோடு பொள்ளாச்சிக்குத் திரும்பப் போயின. இரண்டு நாள் கழித்து டீலரிடமிருந்து போன் வந்தது. சாயங்காலக் கரண்டிலும் எடுக்கிறது என்றார். முதலாளி அதை எங்களிடம் வந்து சொன்னார். ஆனால் திங்கட்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி என் அறைக்கு வந்து, “புதுசா வர்றவருக்குப் படிக்கக் குடுக்கோணும், எல்லா மாடலோட பேப்பரும் அடிச்சு வெய்யி” என்றார். பழைய விடைகளோடு அவருக்குக் கொடுத்துத் திரும்பவும் ஒரு குழப்பம் வேண்டாம் என்று, எல்லா ஃபைலிலும் ‘துடை’யை ஓட்டிவிட்டு அச்சடித்தேன். எண் வேண்டும்போது ஓட்டிக் கொடுத்துக்கொள்ளலாம். பிரிண்டர் மத்தியானம் முழுக்கக் கிறீச்சிட்டது. பதினொரு பக்கம் இருந்த ஃபைல் நாலு பக்கத்தில் முடிந்தது. எண்களெல்லாம் போன பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சியதில் முக்கால்வாசி, அக்கா வாசலில் நின்று சொன்ன வரிகள். அதை நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை. அச்சாகி வெளியே வந்தபோதுதான் நானே கவனித்தேன்.

காகிதக் கட்டை முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். ஏழெட்டுப் பக்கம் படித்திருந்தார்.

“இத்தனையும் ஆரு சொன்னது?”

“இன்சார்ஜ் அக்கா சொன்னதுங்க சார். நான் அடிச்சது மட்டுந்தான்.”

“எத்தனை நாளா இதுல இருக்குது?”

“ஏழெட்டு மாசமா இருக்குதுங்க சார்.”

“நான் மாசாமாசம் பாக்கறனே. கண்ணுல படலையே.”

“எண்ணுக்குள்ள சிக்கிக் கெடந்துச்சுங்க சார்.”

அவர் பக்கங்களைத் திரும்பப் புரட்டினார். விரல் எரிகிறது என்ற வரியில் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். மூன்றாவது காடி வரியிலும் இழுத்தார். பிறகு, “நீ போலாம் அம்மணி” என்றார். ‘போங்க’ என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

திங்கட்கிழமை அந்த மில்காரர் வந்தார். கண்ணாடித் தடுப்பு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி அவருக்கு டீ கொடுத்தார். வெகுநேரம் பேசினார். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வைண்டிங் செக்‌ஷன் வாசலில் நின்றபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அங்கே அக்காவைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதர் அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். இருவரும் அங்கே நுழையாமல் தாண்டிப் போய், மோட்டாரைப் பூட்டும் அசெம்பிளிப் பக்கம் திரும்பினார்கள். அசெம்பிளிக்கு ஆள் இல்லாமல் ஆறு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே வைண்டிங் பெண்களுக்குக் கையுறைகள் வந்தன. அவற்றின் அளவு பெரிது, ஆண்களுக்கானது. அக்கா அதையும் சொல்லி மாற்றி வாங்க வைத்தார்.

அடுத்த புதிய மாடல் வந்தபோது முதலாளி ஒரு விதி போட்டார். அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எந்த டிசைன் பேப்பரும் வைண்டிங்குக்குப் போகக் கூடாது. நான் ஃபைலின் கடைசியில் ‘படித்துப் பார்த்தவர்’ என்று ஒரு வரி சேர்த்து, அக்காவின் பெயரை அடித்து, பக்கத்தில் இடம் விட்டேன். அக்கா வந்து திரையில் தன் பெயரைப் பார்த்தார்.

“உன்ற பட்டனை அமுக்குனா இதும் போயிருமா கண்ணு?”

“போகாதுங்க்கா. மெஷின் எழுதுனது மட்டுந்தான் போகும்.”

“எங்க, அமுக்கு பாக்கலாம்.”

அமுக்கினேன். எண்கள் போயின. அவர் பெயர் இருந்தது. “இன்னொருக்கா” என்றார். இன்னொரு முறை அமுக்கினேன். நம்பிக்கை வந்த பிறகு, கணக்கை ஓட்டி அச்சடிக்கச் சொன்னார். காகிதத்தை மேலிருந்து அடிவரை மெதுவாகப் படித்தார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். சம்பள ரெஜிஸ்டரைத் தவிர இந்தக் கம்பெனியில் தான் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு, அதை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வைண்டிங்குக்குப் போனார்.